சாக்கு வேண்டாம்... கூண்டு போதும்! பெரிய மார்க்கெட் பூனைகளுக்கு என்ன வழி?

புதுவை, பெரிய மார்க்கெட்டில் காலையில் மீன். மத்தியானம் செதிலும் குடலும். கடையைச் சாத்தினால் பூனை!

முதல் முதல்வர் எதுவார் குபேர் பெயரைத்தான் அந்த மார்க்கெட்டுக்கு வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் வாயில் அது என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான். மீன் கழிவு விழுகிற இடத்தில் பூனை கூடாமல் இருக்குமா? மார்க்கெட்டில் மட்டுமா? வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், தேங்காய்த்திட்டு துறைமுகம் என்று மீன் இறங்குகிற இடமெல்லாம் இதே கதைதான்.

புதுவைக்குப் பூனை புதிதல்ல. அரவிந்தர் ஆசிரமத்தின் ஆரம்ப நாட்களிலேயே அன்னை பூனைகள் வளர்த்தவர். தியானத்துக்கு வந்து உட்காருமாம் கிகி என்ற பூனை. அதைத் தேள் கொட்டிய கதையை அன்னையே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கொடுப்பினை மார்க்கெட் பூனைக்கு ஏது?

கடைக்காரர்களுக்கு எலியைப் பிடிக்கப் பூனை வேண்டும். ஆனால் மூட்டைக்குப் பின்னால் அது குட்டி போட்டால் கோபம் வருகிறது. உடனே கையில் எடுப்பது சாக்கு! தாயையும் குட்டியையும் கட்டிக் கொண்டு போய் ஊருக்கு வெளியே விட்டுவிட்டு, "தொல்லை விட்டது" என்று கை கழுவுகிறவர்கள் உண்டு.

இது குற்றம்!

1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பிராணியைத் துன்புறும் விதத்தில் கொண்டு போவதும் குற்றம். பட்டினியில் வாடும்படி கைவிட்டுப் போவதும் குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு ஒரு தட்டு பஜ்ஜி விலை! சட்டம் போட்டபோது அது பெரிய காசாக இருந்திருக்கலாம். ஆனால் விஷம் வைத்தாலோ, அடித்துக் கொன்றாலோ கதையே வேறு. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டம் கிடக்கட்டும். சாக்கு முறையால் பலனாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. மீன் கழிவு அங்கேயேதான் கொட்டுகிறது. பழைய பூனை போன இடத்துக்குப் பக்கத்துத் தெருப் பூனை வந்துவிடும். நாலைந்து மாதம் கழித்து மறுபடியும் குட்டி! மறுபடியும் சாக்கு!

பூனைக் கணக்கு ஒரு பயங்கரக் கணக்கு. பிறந்து நாலைந்து மாதத்திலேயே பெட்டை சினைக்குத் தயாராகிவிடும். சுமப்பது இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். போடுவது மூன்று முதல் ஐந்து குட்டி. அந்தக் குட்டிகள் பால் குடித்துக் கொண்டிருக்கும்போதே தாய் அடுத்த சினைக்குப் போய்விடும். பிறக்கிற குட்டியெல்லாம் பிழைப்பதில்லை. வண்டிச் சக்கரம், நாய், சளி, மழை என்று பாதி வழியிலேயே போய்ச் சேருகிறவை ஏராளம். சோறு மட்டும் போட்டுக் கொண்டிருக்கும் புண்ணியவான்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் என்னதான் வழி? பிடி, கருத்தடை செய், அதே இடத்தில் விடு. அவ்வளவுதான்!

ரோமாபுரியில் இடிந்த பழைய கோயில்களுக்கு நடுவே பூனைகள் கூட்டமாக வாழ்கின்றன. தெருப் பூனையைக் கொல்லக் கூடாது, கருத்தடை செய்து இருந்த இடத்திலேயே விட வேண்டும் என்று இத்தாலியில் 1991-லேயே சட்டம் வந்தது. நம் நாட்டில் மும்பை மாநகராட்சி 2019-ல் தெருப் பூனைகளுக்குக் கருத்தடை ஆரம்பித்தது. நாய்க்கு மத்திய அரசு 2001-லும், பிறகு 2023-லும் விதி போட்டது. பூனை எப்போதும் பின்வரிசைதான்!

பிடிப்பது எப்படி?

கையால் பிடிக்கவே வேண்டாம். எலிக்கூண்டுக்கு அண்ணன் மாதிரி ஒரு கம்பிக் கூண்டு போதும். சில நாள் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சோறு வைத்துப் பழக்க வேண்டும். பிறகு கூண்டைத் திறந்து கட்டி வைத்து, அதற்குள்ளேயே சாப்பிடப் பழக்க வேண்டும். ஒரு நாள் கட்டை அவிழ்த்துவிட்டு உள்ளே மத்தி மீன் வைத்தால் கதவு விழும். உடனே கூண்டின் மேல் துணியைப் போர்த்துங்கள். இருட்டானால் பூனை அடங்கும். திறந்த கூண்டில் மோதி மூக்கை உடைத்துக் கொள்ளும்.

அப்புறம் ஆஸ்பத்திரி. குரும்பாபேட்டில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும், என்றைக்கு விடலாம் என்பதையெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ள வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைத் துளி வெட்டிவிடச் சொல்லுங்கள். உலகம் பூராவும் அதுதான் அடையாளம். நுனி இல்லாத காதைப் பார்த்தால் அந்தப் பூனைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று தெரிந்து கொள்ளலாம். இரண்டாம் தடவை அதைப் பிடித்துப் படுத்த வேண்டியதில்லை.

மடி தொங்குகிற பூனையாக இருந்தால் பொறுங்கள். எங்கோ குட்டி காத்திருக்கிறது. அது சோறு தின்னப் பழகட்டும்.

குட்டிகளைக் கண்டதும் "ஐயோ பாவம், அநாதை" என்று அள்ளிக் கொண்டு போவதும் தப்பு. தாய் இரை தேடப் போயிருக்கும். ஒதுங்கி நின்று சில மணி நேரம் பாருங்கள். வரவே இல்லையென்றால் மட்டும் எடுக்கலாம். பசும்பால் ஊற்றாதீர்கள்! வயிற்றுப்போக்கு கண்டு குட்டி செத்துப் போகும். பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் விற்கிறது. அதற்கும் முன்னால் உடம்புக்குச் சூடு தர வேண்டும். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டியால் தானாக மூத்திரம் போக முடியாது. தாய் நக்கிவிடுவது அதற்காகத்தான். தாய் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் ஈரத்துணியால் நாம் துடைத்துவிட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் மனுஷக் கை பழகிவிட்டால் வீட்டுப் பூனையாகும். அதற்கு மேல் போனால் சீறல்தான்!

கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் சொந்தமில்லை. பூனை மூலமும் வரும்.

கூண்டு ஒன்றுதான், காசும் ஒரு ஆபரேஷனுக்குத்தான் என்றால் எதை முதலில் பிடிப்பது? பெட்டையைத்தான். தூரத்திலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என்று மூன்று நிறமும் ஒரே உடம்பில் இருந்தால் அநேகமாக அது பெட்டைதான்.