மாத்தளையில் கிடைக்காத இரண்டு புள்ளிகள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் ஏறும் பஸ்ஸில், ஜன்னலோரம் இருப்பவர் ஏதோ ஒரு வளைவில் கண்ணாடியை இழுத்துச் சாத்திவிடுவார். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 360 மீற்றர் உயரம். ரிவஸ்டன் 1,400 மீற்றர். கீழே மிளகு, மேலே ஏலம். எவ்வளவு குளிரும் என்பதை ஒரு நேர்கோடு சொல்லிவிடும்.

கோடு கீற இரண்டு புள்ளிகள் போதும். இலங்கையின் கரையோரத் தாழ்நிலத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை செல்சியஸ். 1.9 கிலோமீற்றர் உயரத்து நுவரெலியாவில் 16. குறைந்த 11 பாகையை 1.9ஆல் வகுத்தால் கிலோமீற்றருக்கு 5.8. இதுதான் படித்திறன், ஏற ஏறக் குறைவதால் மறைக்குறி. வெப்பநிலை = 27 − 5.8 × உயரம். மலை ஏறுகிறது, கோடு இறங்குகிறது. வரைபை மலையின் படமாகப் பார்க்கும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

மாத்தளை நகருக்கு 24.9, ரிவஸ்டனுக்கு 18.9 என்று வருகிறது. ஆறு பாகை வித்தியாசம். இந்த வித்தியாசம் மட்டும் போதுமென்றால் 27 தேவையே இல்லை, 1.04 கிலோமீற்றரைப் படித்திறனால் பெருக்கினாலே விடை கிடைத்துவிடும்.

அப்படியானால் 27 எதற்கு? அதுதான் வெட்டுத்துண்டு: உயரம் பூச்சியமாகும் இடத்து வெப்பநிலை. மாத்தளை மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. நமது சமன்பாட்டின் முதல் எண்ணே வெளியூரிலிருந்து வாங்கியது! கோடு மற்ற அச்சை வெட்டும் இடம் இன்னும் தூரம். 27ஐ 5.8ஆல் வகுத்தால் 4.7 கிலோமீற்றர், அங்கே பூச்சியப் பாகை. நாட்டின் மிக உயர்ந்த பீதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். ஆனால் இடிமுகில்கள் அந்த உயரத்தைத் தாண்டி வளர்கின்றன. எப்போதாவது மலையகத்தில் விழும் ஆலங்கட்டி அந்தக் குளிரில் உறைந்து வந்தது. கோட்டை அதற்கும் மேலே நீட்டிக்கொண்டே போகக் கூடாது. நம் வானத்தில் 16, 17 கிலோமீற்றருக்கு அப்பால் வெப்பநிலை மறுபடி ஏறத் தொடங்குகிறது.

கீழேயும் இந்தக் கோடு சராசரிதான். மேலேறும் காற்று அழுத்தம் குறைந்து விரிவதால் குளிர்கிறது. முகிலாகாத காற்று கிலோமீற்றருக்கு 9.8 பாகை இழக்கும். நீராவி ஒடுங்கி முகிலாகும்போது வெளிவரும் வெப்பம் அந்த இழப்பைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடும். தென்மேல் பருவக்காற்று மாத்தளைப் பக்கமாக முகிலோடு ஏறி, மழையைக் கொட்டிவிட்டு, மலைக்கு மறுபுறம் இலுக்கும்புறப் பக்கம் காய்ந்துபோய் இறங்குகிறது. ஏறும்போது ஒரு படித்திறன், இறங்கும்போது வேறொன்று. இப்படி ஒரு கிலோமீற்றர் ஏறி இறங்கிய காற்று, புறப்பட்டதைவிட நான்கைந்து பாகை கூடுதல் சூட்டோடு கீழே வரலாம். கிழக்குக் கரையார் கச்சான் என்று திட்டும் காற்றின் சூட்டிலும் இந்தக் கணக்குக்குப் பங்குண்டு.