2 லட்சம் டாலர் மாயம்! திருடன் சிக்கவில்லை, பாட்டு சிக்கியது!

1973-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி. நியூயார்க் நகரம், பார்க் அவென்யூவில் இருந்த டிரேக் ஓட்டல்.

அங்கே பணம் வைத்திருந்த பெட்டகத்தைத் திறந்து பார்த்தார், ரிச்சர்ட் கோல் என்பவர். பகீர் என்றது. உள்ளே இருந்த 2 லட்சத்து 3 ஆயிரம் டாலர் ரொக்கத்தைக் காணோம்!

அன்றைய மதிப்பில் நம் பணம் 15 லட்ச ரூபாய்க்கும் மேல். அந்தக் காலத்து 15 லட்சம்!

பணத்தைப் பறிகொடுத்தது "லெட் செப்பெலின்" என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு. கோல் அவர்களுடைய பயண மேனேஜர். குழுவில் இருந்தது நாலே பேர்தான். கிதார் ஜிம்மி பேஜ், பாட்டு ராபர்ட் பிளான்ட், டிரம்ஸ் ஜான் போனம், பேஸ் கிதாரும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ்.

சாதாரண குழு அல்ல. அதே ஆண்டு மே 5-ந் தேதி புளோரிடாவில் உள்ள டாம்பா மைதானத்தில் இவர்கள் பாடியபோது 56 ஆயிரத்து 800 பேர் திரண்டார்கள். 1965-ல் பீட்டில்ஸ் குழு வைத்திருந்த கூட்ட சாதனை அன்று முறிந்தது. ஊர் விட்டு ஊர் போக தனி ஜெட் விமானம் வேறு!

சாவி யாரிடம்?

போலீசார் ஓடி வந்தார்கள். முதல் சந்தேகம் கோல் மீதே விழுந்தது. பெட்டகத்தோடு சம்பந்தப்பட்ட ஆள் அவர்தானே? உண்மை கண்டறியும் கருவி சோதனைக்கு உட்பட்டார். தேறிவிட்டார்.

ஓட்டல் சிப்பந்திகள் மேலும் சந்தேகம் போனது. துப்பு துலங்கவில்லை. ஓட்டல் மீது குழுவினர் வழக்குப் போட்டார்கள். 50 ஆண்டுகள் தாண்டியும் எடுத்தவன் யார் என்று தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நேரத்தில் நியூயார்க்கில் சினிமா காமிராக்கள் ஓடிக்கொண்டிருந்தன! மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜூலை 27, 28, 29 ஆகிய மூன்று இரவுக் கச்சேரிகளையும் படம் பிடித்தார்கள். அதனால் திருட்டு பற்றிய பரபரப்பும் படத்தில் வந்துவிட்டது. நிருபர்கள் மேனேஜர் பீட்டர் கிராண்டைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பதை இன்றும் பார்க்கலாம். இந்த கிராண்ட் ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்தவர், மலை மாதிரி ஆள். அனுமதி இல்லாமல் குழுவின் படங்களை விற்கவிட்டதற்காக அரங்கத்துக்காரர் ஒருவரை அவர் போட்டு வாங்குகிற காட்சியும் இருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய காட்சி!

விக் வைத்த ஜோன்ஸ்

பிலிமைப் போட்டுப் பார்த்தால் பல இடங்களில் காட்சியே இல்லை. விட்டுப்போனதை எடுக்க 1974-ல் இங்கிலாந்தில் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் மேடை போட்டு, பழைய பாட்டுக்கு வாயசைத்தார்கள். அதற்குள் ஜோன்ஸ் முடியை வெட்டிவிட்டார். விக் வைத்து ஒப்பேற்றினார்கள். உற்றுப் பார்த்தால் தெரியும்.

1976-ல் படமும் இசைத்தட்டும் வந்தன. பெயர் "தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்". குழுவினருக்கே முழுத் திருப்தி இல்லை. தட்டில் 9 பாட்டுதான். படத்தில் கேட்டது தட்டில் இல்லை, தட்டில் கேட்டது படத்தில் இல்லை.

ஆனால் மூல நாடா பத்திரமாக இருந்தது. பதிவு செய்தவர் எடி கிராமர், கெட்டிக்காரர். டிரம்சுக்குத் தனி, கிதாருக்குத் தனி, குரலுக்குத் தனி என்று ஒரே நாடாவில் பல தடங்களாகப் பிடித்திருந்தார். குழம்பு வேறு, காய் வேறு, மசாலா வேறாக எடுத்து வைத்த மாதிரி. எப்போது வேண்டுமானாலும் மறுபடி கூட்டி வைக்கலாம்.

2007-ல் அதைத்தான் செய்தார்கள். கெவின் ஷெர்லி என்ற ஒலிப்பதிவு நிபுணர் எல்லாத் தடங்களையும் புதிதாகக் கலந்தார். ஒலி தெளிந்தது. 9 பாட்டு 15 ஆனது. 2018-ல் பேஜ் மேற்பார்வையில் இன்னொரு முறை மெருகேற்றி வெளியிட்டார்கள்.

வெட்டு, ஒட்டு

ஒன்று சொல்லியாக வேண்டும். இது ஒரே இரவின் பதிவு அல்ல. மூன்று இரவுகளிலும் நன்றாக அமைந்ததை வெட்டி ஒட்டியது. மூன்று சாட்சிகளின் வாக்குமூலத்தை ஒன்றாக எழுதிக் கொண்டுபோனால் கோர்ட்டில் தூக்கி எறிவார்கள். எந்த வரி எந்த இரவு என்று துப்பறிகிற ரசிகர்களே இருக்கிறார்கள்!

என்னைக் கேட்டால் பாதகமில்லை. டிரம்ஸைக் கேட்டுப் பாருங்கள். போனம் 1980-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி இறந்தார். மிதமிஞ்சிய குடி. வயது 32. அவர் இல்லாமல் குழு வேண்டாம் என்று மற்ற மூவரும் அந்த டிசம்பரில் கலைத்துவிட்டார்கள். அந்த ஆளின் கை வேகம் அந்த மூன்று இரவுகளில் எப்படி இருந்தது என்பதற்கு நாடாதான் சாட்சி. பழைய தட்டில் மங்கலாக இருந்த அடி, புதியதில் நெஞ்சில் வந்து விழுகிறது.

டிரேக் ஓட்டலை 2007-ல் இடித்துவிட்டார்கள். அதே ஆண்டுதான் புதுப்பித்த பதிவும் வந்தது. ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது 1,396 அடி உயரக் கட்டிடம் நிற்கிறது.

வாங்க நினைப்பவர்கள் அட்டையைத் திருப்பிப் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். 9 இருந்தால் பழசு. 15 இருந்தால் புதுசு.