காற்றுத் துணையுள்ள எண்ணெய்ப் பிரேக்: பழைய ராணுவ லாரிகளில் கோளாறு காணும் முறை

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11ந் தேதி முதல் 14ந் தேதி வரை திருவிடந்தையில் நடைபெற்ற பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில் புதிய ராணுவ வாகனங்களை இப்பக்கத்து மக்கள் பலர் கண்டிருக்கலாம். புதிய வண்டியைக் காண்பது வேறு; சேவை முடிந்து ஏலத்துக்கு வந்த பழைய லாரியை வாங்கிச் சவுக்குக் கட்டையும் எருவும் ஏற்றுவது வேறு. இவ்வண்டிகள் மணலிலும் சேற்றிலும் தயங்காது செல்லும். ஆனால் இவற்றுள் சிலவற்றின் பிரேக் அமைப்பு சாதாரண லாரியினின்றும் மாறுபட்டது. அதனை அறியாது பாரம் ஏற்றுவது உயிருக்கு அபாயமாகும்.

வகையறிதல்

வண்டியில் காற்றுக் கலம் இருப்பதால் மட்டும் அது முழுக் காற்றுப் பிரேக் என்று கொள்ளலாகாது. சக்கரங்களுக்குச் செல்லும் குழாயில் காற்று சென்றால் அது முழுக் காற்றுப் பிரேக். எண்ணெய் சென்றால் காற்றுத் துணையுள்ள எண்ணெய்ப் பிரேக். 1939-45 யுத்தத்தில் பெரிதும் உழைத்த ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரியில் எண்ணெய்ப் பிரேக்குக்கு வெற்றிட விசை துணை செய்தது. அதன்பின் 1950ஆம் ஆண்டையொட்டி வந்த எம் 35 என்னும் அமெரிக்க லாரியில் அழுத்தக் காற்று அவ்வேலையை ஏற்றது. இதுவே இவ்வகைக்கு நன்கறிந்த உதாரணம்.

வேலை செய்யும் விதம்

எஞ்சின் ஓடும்போது கம்பிரசர் காற்றை அழுத்திக் கலத்தில் சேர்க்கிறது. டிரைவர் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய், பூஸ்டர் என்னும் துணைச் சிலிண்டருக்குச் செல்கிறது. அவ்வெண்ணெயின் அழுத்தம் அங்குள்ள வால்வைத் திறக்க, கலத்துக் காற்று பாய்ந்து பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. அப்பிஸ்டன் எண்ணெயைப் பன்மடங்கு விசையுடன் சக்கரங்களுக்கு அனுப்புகிறது. ஆகவே சக்கரத்தைப் பிடிப்பது எண்ணெய். காற்று அதற்குத் துணை மாத்திரமே. காற்று தீர்ந்தால் காலின் பலத்தால் சிறிதளவேனும் பிரேக் பிடிக்கும். எண்ணெய் போய்விட்டாலோ, கலம் நிறையக் காற்றிருந்தும் பயனில்லை. எம் 35 ஏ2 முதலிய பழைய மாதிரிகளில் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழியே உண்டு. ஒரு குழாய் வெடித்தால் பிரேக் முழுவதும் போய்விடும் என்பதை மறக்கலாகாது.

பெடல் காட்டும் குறி

எந்தப் பாகத்தையும் கழற்றுமுன் பெடலை மிதித்துப் பார்த்தல் வேண்டும். பெடல் கல்லைப் போல் கடினமாயிருந்து வண்டி நிற்காவிட்டால் குற்றம் பெரும்பாலும் காற்றுப் பக்கத்தில் உள்ளது. பெடல் பஞ்சு போல் அமுங்கினாலும், மிதித்தபடியே மெல்லத் தாழ்ந்தாலும் குற்றம் எண்ணெய்ப் பக்கத்தில் உள்ளது.

காற்றுப் பக்கம்: சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கலத்தில் காற்று நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தி, அழுத்தமானியைக் கவனிக்கவும். பெடலைத் தொடாதபோதே முள் விரைவாக இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழியெழும் இடத்தைக் காணலாம். மிதித்துப் பிடித்திருக்கையில் மட்டும் முள் தொடர்ந்து இறங்கினால் பூஸ்டரில் கசிவுண்டு. சதுர அங்குலத்துக்குச் சுமார் 60 ராத்தலுக்குக் கீழ் அழுத்தம் இறங்கினால் எச்சரிக்கை ஒலி எழும்; அவ்வொலியுடன் வண்டியைக் கிளப்பலாகாது. சரிவில் எஞ்சினை நிறுத்தி உருள விடுவதும் கூடாது. அப்போது கம்பிரசரும் நின்றுவிடுமாதலால் சில மிதிகளில் காற்று தீர்ந்துபோம்.

எண்ணெய்ப் பக்கம்: பலமுறை மிதித்தபின் பெடல் மேலே வந்தால் எண்ணெயில் காற்றுக் குமிழி புகுந்திருக்கலாம், அல்லது பிரேக் கட்டைகள் தேய்ந்து இடைவெளி மிகுந்திருக்கலாம். குமிழியை நீக்கும்போது காற்றுக் கலத்தை வெறுமையாக்கிக்கொண்டு, முதலில் பூஸ்டரிலும் பிறகு சக்கரங்களிலும் நீக்குக. வெளியே கசிவு தென்படாமல் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தால் அது பூஸ்டருக்குள் காற்றுப் பக்கத்துக்குக் கடந்து செல்கிறதென ஐயுறலாம். காற்று வெளியேறும் துவாரத்தில் எண்ணெய் ஈரம் காணப்படும்.

மிதியை விட்டபின்னும் பிரேக் இழுத்துக்கொண்டிருந்தால் பெடலின் இடைவெளியையும் மாஸ்டர் சிலிண்டரின் சிறு துவாரத்தையும் சோதிக்கவும். மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றால் பாகங்களைக் கழுவுவதனாலும் இக்கோளாறு நேரும். அவை பட்டால் ரப்பர்க் கப்புகள் ஊதிப் பிடித்துக்கொள்ளும். சுத்தமான பிரேக் எண்ணெயாலேயே கழுவுதல் வேண்டும்.

கடற்கரைக்குரிய ஜாக்கிரதை

கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள உப்புக் காற்றில் எஃகுக் குழாய்கள் விரைவில் துருவேறும். கிளிப்புகளின் அடியில் மறைந்துள்ள துருவே குழாயை ஓட்டையாக்கும். ஆதலால் கிளிப்பை நீக்கிப் பார்க்கவும். காற்றுக் கலத்தில் சேரும் நீரை நாள்தோறும் வேலை முடிந்ததும் வடிக்கவும். சாதாரணப் பிரேக் எண்ணெயும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 எண்ணெயின் கொதிநிலை, புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு இருத்தல் வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் 140 டிகிரியே போதுமென அவ்விதி அனுமதிக்கிறது. பாரத்துடன் நெடுஞ்சரிவில் இறங்குகையில் அது கொதித்து ஆவியானால் பெடல் அடியில் போய் முட்டும். அமெரிக்க ராணுவம் 1980களில் சிலிக்கோன் எண்ணெய்க்கு மாறியமையால் பழைய வண்டியில் எவ்வகை எண்ணெய் உள்ளதென அறிந்தே ஊற்றுக, இரண்டையும் கலக்கலாகாது.

கைப்பிரேக், நின்ற வண்டியை நிறுத்தி வைப்பதற்கே உரியது. ஓடும் லாரியை அதனால் நிறுத்தலாமென நம்புதல் தவறு. எண்ணெய்க் கசிவு கண்ட லாரியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாமென எண்ணாமல், இருந்த இடத்திலேயே பழுது பார்க்கவும். ஏலத்தில் வண்டி எடுப்போர் அதனைச் சாலையில் ஓட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்து, தகுதிச் சான்றும் பெறுதல் வேண்டும். இதனைக் கிராம அலுவலர்கள் தங்கள் ஊரில் லாரி வைத்திருப்போருக்கு எடுத்துரைப்பாராக. உழவுக்கு முன் ஏர்க் கலப்பையையும் மாட்டின் லாடத்தையும் பார்த்துக்கொள்ளும் விவசாயி, பாரம் ஏற்றுமுன் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தல் அதனினும் முக்கியமாகும்.