பித்தளைக் கவசத்தின் எடை

மார்வல் ஸ்னாப் என்ற மின்னணு அட்டை ஆட்டத்தில் ஓர் அட்டைக்கு மாற்றுப் படம் வாங்க வழக்கமாக இரண்டு விலை. ஒன்று 700 கோல்டு, இன்னொன்று 1,200 கோல்டு. ஆட்டம் வெளியான 2022-ஆம் ஆண்டின் விலைப்படி நூறு டாலருக்கு 8,000 கோல்டு கிடைக்கும். அந்தக் கணக்கில் மலிவான படம் 8.75 டாலர், விலை கூடியது 15 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 744 ரூபாய், 1,275 ரூபாய். கோல்டைச் சில்லறையாக வாங்கினால் இன்னும் கூடும்.

இந்தப் பணத்துக்கு அட்டையின் பலம் ஒரு புள்ளிகூட ஏறாது. 12 அட்டை, 3 களம், 6 சுற்று என்ற ஆட்டத்தில் படம் மட்டுமே மாறும். அப்படியானால் காசுக்கு ஈடு அந்த ஓவியத்திலேயே இருந்தாக வேண்டும். ஸ்டீம்பங்க் படங்களில் நான் இதைக் கறாராகவே பார்ப்பேன். நீராவியும் பல்சக்கரமும் பித்தளையும் சேர்ந்து ஒரு இயந்திரம் வேலை செய்கிறது என்று நம்மை நம்பவைப்பதுதான் அந்த வகை ஓவியத்தின் முழு வேலையும். தண்ணீர் எங்கே இருக்கிறது, புகை எந்த வழியாகப் போகிறது, இத்தனை எடையையும் யார் சுமக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் படத்தில் விடை இல்லையென்றால் அது வெறும் பழுப்புச் சாயம்.

எடையைப் பற்றிக் கேட்க வெள்ளகவியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது. கொடைக்கானலின் வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் இருக்கிறது அது. வண்டிப் பாதை இல்லாமலே பல தலைமுறைகள் வாழ்ந்த ஊர். அரிசியும் சிமெண்டும் குதிரை முதுகில் வந்தன, நோயாளிகள் டோலியில் போனார்கள். 1821-இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு பழனி மலையை அளக்க வந்தபோது வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறினார். ராயபுரத்திலிருந்து தமிழ்நாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது 1856-இல். ஆக, ரயிலுக்கு 35 ஆண்டு முன்பே நில அளவையின் பித்தளைக் கருவிகள் இந்த மலைக்கு ஆள் சுமையாக ஏறிவிட்டன.

அந்தக் காலத்துத் தியோடலைட் என்னும் கோணமானி ஒன்றை அருங்காட்சியகத்தில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வட்டத்தின் விளிம்பில் மெல்லிய வெள்ளிப் பட்டை பதித்து, அதில் மயிரிழைக் கோடுகள் கீறியிருப்பார்கள். கோட்டைப் படிக்கத் தனியாக ஒரு சின்ன லென்ஸ். சமன்திருகுகளில் விரல் படும் இடம் மட்டும் பளபளக்கும், மற்ற இடமெல்லாம் கறுத்துக் கிடக்கும். அட்டை ஓவியர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கவசம் முழுவதும் ஒரே மினுக்காக இருந்தால் அதை யாரும் தொட்டதே இல்லை என்று பொருள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் இப்படிக் கருவிகள் உண்டு. அங்கே 1901-இல் தொடங்கிய பணியில் 1850களின் தொலைநோக்கி ஒன்று, 1898-இல் சீரமைக்கப்பட்டு, சூரியனைப் படமெடுக்க உழைத்தது. வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்ததும் அதே ஆய்வகத்தில்தான். கையில் புழங்கிய பித்தளைக்கு மாதிரி தேடும் ஓவியர் நெடுந்தூரம் போக வேண்டாம்.

இனி இந்த ஆட்டத்தின் ஐந்து பாத்திரங்களை வரிசைப்படுத்துகிறேன். எந்தப் பாத்திரத்துக்கு நீராவி உடை தாங்கும் என்பதே என் அளவுகோல்.

அயர்ன் மேனைத்தான் எல்லோரும் முதலில் வைப்பார்கள். 5 ஆற்றல் கொடுத்து இறக்கும் அட்டை, சொந்த பலம் 0, ஆனால் அந்தக் களத்தின் மொத்த பலத்தையும் இரட்டிப்பாக்கும். கவசத்துக்கு 10 குதிரைத்திறன் போதும் என்று வைப்போம். பறக்க வேண்டாம், நடந்து சண்டை போட்டால் போதும். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் வகுத்த அளவுப்படி ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். பத்துக்கு 136 கிலோ. ஒரு கிலோ நல்ல நிலக்கரி ஏறத்தாழ 7 கிலோ தண்ணீரை ஆவியாக்கும் என்றால் கரி மட்டும் 20 கிலோ. ஒரு மணி நேரச் சண்டைக்கு 156 கிலோ, கொதிகலனின் எடை தனி. மலைப்பாதையில் குதிரைக்கு 60 கிலோ பொதி என்று கணக்கிட்டால் பின்னால் 3 குதிரைகள் நடக்க வேண்டும். நெஞ்சில் சின்னதாக ஒரு செந்தணலை மட்டும் வரைந்துவிட்டுப் புகைபோக்கியே இல்லாமல் விடும் படத்துக்கு நான் 700 கோல்டுகூடத் தரமாட்டேன். முதுகில் தண்ணீர்த் தொட்டியோ, தொலைவில் நிற்கும் கொதிகலனிலிருந்து குழாயோ வரைந்திருந்தால் மூன்றாம் இடம்.

முதலிடம் நான்கு இயந்திரக் கைகள் கொண்ட டாக்டர் ஆக்டோபஸுக்கு. 2 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள பித்தளைக் குழாய் ஒன்றின் எடை சுமார் 15.5 கிலோ. நான்கு கைக்கு 62 கிலோ. பிஸ்டனும் நகங்களும் சேர்ந்தால் நூறைத் தாண்டும். ஆனால் அந்தக் கைகள் தரையில் ஊன்றி நிற்பவை. சுமை மனிதனின் தோளுக்கு வராமல் நேரே மண்ணுக்கு இறங்குகிறது. நான்கு தோள்கள் தாங்கும் டோலிக்குள் நோயாளி இருப்பதுபோல அவர் நடுவில் தொங்குகிறார். பாதி எடையைக் கொதிகலனுக்கு ஒதுக்கினாலும் படம் பொய்யாகாது.

இரண்டாவது, இறக்கை கட்டிப் பறக்கும் வல்ச்சர். நீராவியில் பறக்க முடியுமா என்ற கேள்விக்கு வரலாறே விடை சொல்கிறது. 1896 மே 6 அன்று சாமுவேல் லாங்லியின் ஆளில்லா நீராவி விமானம் பொடோமாக் ஆற்றின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்தது. அதன் எடை சுமார் 11 கிலோ. ஆள் ஓட்டிய நீராவி விமானத்தை பெஸ்லர் சகோதரர்கள் 1933-இல் ஓக்லாந்தில் பறக்கவிட்டார்கள், 150 குதிரைத்திறன் எஞ்சினோடு. ஆகவே துணியும் மரச் சட்டமுமாக இறக்கை வரைந்த படம் உயர்ந்தது. ஒவ்வோர் இறகையும் பித்தளைத் தகடாக அடுக்கியது, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், தரையை விட்டு எழும்பாது.

டாக்டர் டூம் நான்காவது. இரும்பு முகமூடி அவருக்குப் பிறவி உடை மாதிரி; ஓவியர் புதிதாகச் செய்ய அதிகம் இல்லை. அல்ட்ரான் கடைசி. மற்ற இரண்டு களங்களிலும் நான்கு நான்காக 8 டிரோன்களை இறக்கும் அட்டை அது. தலைக்கு ஒரு குதிரைத்திறன் என்றாலும் மணிக்கு 109 லிட்டர் தண்ணீர், 8 கொதிகலன்கள். அவ்வளவையும் அந்தச் சின்னச் சதுரத்தில் காட்டவே முடியாது.

படம் வாங்கியதோடு செலவு முடியவில்லை. சட்டத்தை உடைத்து, படத்துக்கு ஆழம் கொடுத்து, அசையவைத்து, இன்ஃபினிட்டி என்ற உச்ச நிலைவரை ஏற்ற, ஆட்டத்துக்குள் ஈட்டும் கிரெடிட்டும் பூஸ்டரும் வேண்டும். படிப்படியான கணக்கு இது:

25 கிரெடிட், 5 பூஸ்டர்
100 கிரெடிட், 10 பூஸ்டர்
200 கிரெடிட், 20 பூஸ்டர்
300 கிரெடிட், 30 பூஸ்டர்
400 கிரெடிட், 40 பூஸ்டர்
500 கிரெடிட், 50 பூஸ்டர்

மொத்தம் 1,525 கிரெடிட், 155 பூஸ்டர். ஈடாகச் சேகரிப்பு நிலை 31 படி ஏறும். நாளுக்கு 50 இலவச கிரெடிட்டை மட்டும் நம்பினால் ஒரு படத்துக்கு 31 நாள். தினப்பணிகளை முடித்தால் சீக்கிரம் ஆகும். நீராவிப் படங்களுக்கு இந்த ஏற்றம் மற்ற படங்களைவிட அதிகம் உதவுகிறது. அசைவு வந்த பிறகுதான் பிஸ்டனுக்கு உயிர் வருகிறது.

இந்தக் கணக்கில் ஆபத்துக்கும் ஒரு பத்தி எழுத வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக் முடங்கியபோது இந்த ஆட்டமும் அங்கே சில நாள் திறக்கவில்லை, காரணம் அப்போது இதை வெளியிட்ட நூவெர்ஸ் அதே பைட்டான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. வாங்கிய படங்கள் வாங்கியவர் கையில் இல்லை, வழங்கியில்தான் இருந்தன. மாதச் செலவில் நெருக்கடி உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

என் செலவை இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். ஆக்டோபஸுக்கு 1,200, துணியிறக்கை வல்ச்சருக்கு 700. மொத்தம் 1,900 கோல்டு, அதே விலையில் 23.75 டாலர், 2,019 ரூபாய். இரண்டையும் முழுதாக ஏற்ற 3,050 கிரெடிட், இலவசத்தை மட்டும் நம்பினால் 61 நாள்.