புகைக்குள் திறந்திருக்கும் கண்கள்

ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதியவருக்குப் புகை கண்ணை என்ன பாடுபடுத்தும் என்று தெரியும். அவர் முந்தானையால் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடலாம். காட்டுத்தீயோடு போராடும் வீரர் ஓட முடியாது.

2018 நவம்பர் 8 காலை, கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ விழுங்கியது. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன. தீ முழுக்க அடங்க 17 நாள் ஆனது. அமெரிக்காவில் காட்டுத்தீக் குழுக்கள் 14 நாள் வரை தொடர்ந்து களத்தில் நிற்பதுண்டு. ஒரு நாள் வேலை 16 மணி நேரம்கூட நீளும். அவ்வளவு நேரமும் கண் திறந்தே இருந்தாக வேண்டும்.

நம் விழியின் மேல் எண்ணெய், நீர், சளி ஆகியவை சேர்ந்த மெல்லிய கண்ணீர்ப் படலம் உண்டு. அனல்காற்று அதன் நீரை உலர்த்துகிறது. புகையில் வரும் அக்ரோலினும் ஃபார்மால்டிஹைடும் விழிக்கு எரிச்சலூட்டுகின்றன. சட்டியில் எண்ணெய் தீய்ந்தால் கண் கரிக்கிறதே, அதற்குக் காரணமும் இதே அக்ரோலின்தான். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்களும் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. கண் சிவக்கும், உறுத்தும், பார்வை மங்கும். உறுத்தல் தாளாமல் கசக்கினால் சாம்பல் துகள் கருவிழியையே கீறிவிடும். மரச் சாம்பல் காரத்தன்மை உடையது என்பதால் புண் இன்னும் எரியும். காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர் பாடு இதைவிட மோசம்.

காப்புக் கண்ணாடி இருக்கிறதே என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். களத்தில் பரவலாகப் பயன்படும் கண்ணாடிகளில் காற்று போக ஓட்டைகள் உண்டு. பறந்துவரும் தீப்பொறியை அவை தடுக்கும், புகையைத் தடுக்காது. ஓட்டையை அடைத்துவிட்டாலோ, வியர்வை ஆவியாகி உள்பக்கம் படிந்து பார்வையை மறைக்கும். செங்குத்தான மலைச்சரிவில், கையில் கோடரியுடன் தீ பரவாமல் தடுக்கும் கோடு வெட்டுபவருக்குப் பார்வை மறைவது உயிருக்கே ஆபத்து. அதனால் பலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணோடு வேலை செய்கிறார்கள். அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று பழிப்பது நியாயமே இல்லை.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் பரவிய காட்டுத்தீயில் எரிந்தவை மரங்கள் மட்டுமல்ல. வீடுகள், கார்கள், பேட்டரிகள், பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்தே புகைந்தன. இத்தகைய புகையால் நுரையீரலுக்கு வரும் கேட்டைப் பற்றி உலகம் பேசத் தொடங்கிவிட்டது. கண்ணைப் பற்றிய பேச்சு இன்னும் போதவில்லை.

செய்யக்கூடியவை எளியவை: சுத்தமான நீரால் கண்ணைக் கழுவுவது, பதப்படுத்தும் வேதிப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, பணி முடிந்ததும் கண் பரிசோதனை. குடிநீர் போகும் இடத்துக்கெல்லாம் கண் கழுவும் நீரும் போக வேண்டும்.