சன்ஸ்கிரீனில் டைட்டானியம் டைஆக்ஸைடு: அஞ்ச வேண்டுமா?

"டாக்டர், இந்தக் களிம்பில் டைட்டானியம் டைஆக்ஸைடு இருக்கிறதாம். அது புற்றுநோய் தரும் என்று கைப்பேசியில் செய்தி வந்தது. பூசுவதை நிறுத்திவிட்டேன்." தோல்நோய்ப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. முகத்தில் மங்கு உள்ளவர்களும் லூபஸ் நோயாளிகளும் சன்ஸ்கிரீனைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். ஆகவே இந்த ஐயத்தைத் தெளிவுபடுத்துவது எங்கள் கடமையாகும்.

இப்பொருள் நமக்கு அயலானது அன்று. வட்டக்கோட்டைக் கடற்கரையின் கரிய மணலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நம் மாவட்டத்துக் கருமணலில் உள்ள கனிமங்களுள் ஒன்று இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இக்கனிமத்தை மணவாளக்குறிச்சியிலுள்ள இந்திய அரிய மணல் ஆலை மணலிலிருந்து பிரித்தெடுக்கிறது. இல்மனைட்டைப் பக்குவப்படுத்தி இரும்பை நீக்கினால் கிடைக்கும் வெண்ணிறப் பொடியே டைட்டானியம் டைஆக்ஸைடு. பெயிண்ட், காகிதம், பற்பசை ஆகியவற்றுக்கு வெண்மை தருவதும் இதுவே.

தோலில் இதன் பணி

தோலின் மேற்பரப்பில் படிந்து, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களின் பெரும்பகுதியை இது உறிஞ்சிக்கொள்கிறது; ஒரு பகுதியைச் சிதறடிக்கிறது. இதனுடன் துத்தநாக ஆக்ஸைடும் சேர்ந்தால் காப்பு முழுமை பெறும். ஒவ்வாமை உண்டாக்குவது மிகவும் அரிது என்பதால், எளிதில் எரிச்சலுறும் தோலுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதனையே பெரிதும் பரிந்துரைக்கிறோம்.

அச்சத்தின் வேர் எது?

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006இல் இதனை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை" என்னும் பட்டியலில் சேர்த்தது உண்மையே. ஆனால் அம்முடிவுக்கு முதன்மையான அடிப்படை, இதன் நுண்தூசியை மிகுந்த அளவில் சுவாசித்த எலிகளுக்கு நுரையீரலில் கட்டிகள் தோன்றியமை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது உணவில் சேர்ப்பதை. தோலில் பூசுவதை அன்று. காயமற்ற தோலில் பூசும்போது, நானோ அளவுத் துகள்களும் மேலடுக்கான இறந்த செல்களிலேயே தங்கிவிடுகின்றன என ஆய்வுகள் காட்டுகின்றன. 2019இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவு விதியும், சன்ஸ்கிரீன் மூலப்பொருள்களில் இவ்விரு ஆக்ஸைடுகளை மட்டுமே பாதுகாப்பும் பயனும் உடையவை என ஏற்றது.

சுருங்கச் சொன்னால், தோலின் மேல் காவலாக நிற்கும் பொருள் மூச்சுக்குள் செல்லலாகாது. எனவே களிம்பு அல்லது லோஷன் வடிவையே தேர்ந்தெடுங்கள். பொடியாகத் தூவுவதையும் ஸ்பிரேயாக முகத்தில் அடிப்பதையும் தவிருங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

பூசும் முறை

• எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குங்கள்.
• முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு தேவை. குறைத்துப் பூசினால் காப்பும் குறையும்.
• வெளியே செல்வதற்கு 15 நிமிடங்களுக்கு முன் பூசுங்கள். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்தாலோ நனைந்தாலோ உடனேயும் மீண்டும் பூசுங்கள்.
• வெண்மையாகத் திட்டுப் படிகிறதே என வருந்துவோர், இரும்பு ஆக்ஸைடு கலந்த தோல்நிறக் களிம்பைக் கேட்டு வாங்கலாம். மங்கு உள்ளவர்களுக்கு அது கூடுதல் நன்மை தரும்.
• புண், வெடிப்பு, தீக்காயம் ஆகியவற்றின் மேல் பூசாதீர்கள்.
• 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் களிம்பு வேண்டா. நிழலும் பருத்தித் துணியுமே போதும்.

இறுதியாக ஒன்று: சன்ஸ்கிரீன் வேறு, சிவப்பழகு கிரீம் வேறு. மூலப்பொருள் விவரம் அச்சிடப்படாத சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கக்கூடும்; அது சிறுநீரகத்தையே பாதிக்கும். ஐயம் இருப்பின், அடுத்த முறை வரும்போது நீங்கள் பூசும் டியூபையும் கையோடு எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்த்து முடிவு செய்வோம்; அதுவரை பூசுவதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.