சக்கரம் இல்லாத வண்டிக்கு வேகம் எத்தனை?

ஓடுகிற வண்டியின் வேகத்தை அளப்பது எப்படி என்று கேட்டால் உங்கள் வீட்டுச் சிறுவன்கூடப் பதில் சொல்லிவிடுவான்: "சக்கரம் எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணினால் போயிற்று!"

சரி. வண்டிக்குச் சக்கரமே இல்லாவிட்டால்?

தென் துருவத்தை நாடிப் போனவர்களுக்கு இந்தச் சங்கடம்தான் வந்தது. நாய்களும் மனிதர்களும் இழுத்த சறுக்கு வண்டிகளுக்கு அடியில் இருந்தவை இரண்டு நீண்ட மரச் சட்டங்களே. சுற்றிலும் வெள்ளை வெளேரென்ற பனி. மரம் இல்லை, மைல் கல் இல்லை. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று யாரைக் கேட்பது?

அவர்கள் கண்ட உபாயம் வெகு எளிது. சைக்கிள் சக்கரம் போன்ற ஒன்றை வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் சென்றார்கள்! வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதன் வேலையல்ல. சும்மா உருண்டு வந்து, சுற்றுகளை எண்ணும் கருவிக்குக் கணக்குக் கொடுப்பதுதான் அதன் உத்தியோகம். 'ஸ்லெட்ஜ் மீட்டர்' என்று அதற்குப் பெயர். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டர். அதைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் வேகம் தெரிந்துவிடும்.

கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் அங்கே காற்று, உழுத வயலைப் போலப் பனியை வரப்பு வரப்பாகச் செதுக்கி வைத்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது நேர்த் தூரத்தைவிட அதிகமாகக் காட்டும். துள்ளி அந்தரத்தில் நின்றாலோ, இளம் பனியில் புதைந்து சுற்றாமல் இழுபட்டாலோ குறைவாகக் காட்டும். ஆகவே அவ்வப்போது சூரியனின் உயரத்தை அளந்து, மீட்டரின் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கில்தான் உயிரே இருந்தது. திரும்பி வரும்போது வேண்டிய உணவை வழியிலே புதைத்து வைத்துவிட்டுப் போவார்கள். மூடுபனியில் அதைத் தவறவிட்டால் பட்டினிதான். நார்வேக்காரர் அமுண்ட்சென் ஒரு யுக்தி செய்தார். உணவுக் குவியலுக்கு இரு பக்கமும், பாதைக்குக் குறுக்கே, எண்ணிட்ட கொடிகளை வரிசையாக நட்டார். எத்தனை தூரம் வந்தோம் என்று மீட்டர் சொல்லும். எந்தப் பக்கம் விலகிவிட்டோம் என்று கொடி சொல்லும். எவ்வளவு முன்யோசனை, பாருங்கள்!

1911 டிசம்பர் 14. பிற்பகல் மூன்று மணி. வண்டி ஓட்டிகள் எல்லாரும் ஒரே சமயத்தில் "நில்!" என்று கூவினார்கள். அவர்களுடைய மீட்டர்கள் அத்தனையும் முழுத் தூரத்தைக் காட்டின. கணக்குப்படி அதுதான் தென் துருவம்! அப்படியும் அமுண்ட்சென் அந்தச் சக்கரங்களை மட்டும் நம்பிவிடவில்லை. மூன்று திசைகளில் ஆட்களை அனுப்பிச் சுற்றி வளைத்தார். பிறகு இன்னும் சில மைல் நகர்ந்து, ஒரு நாள் முழுவதும் மணிக்கு மணி சூரியனை அளந்து பார்த்தார்.

1912 ஜனவரி 17இல் அங்கே போய்ச் சேர்ந்த பிரிட்டிஷ்காரர் ஸ்காட் உயிரோடு திரும்பவில்லை. அவருடைய கடைசிக் கூடாரத்துக்கும் உணவுக் கிடங்குக்கும் இடையே இருந்தது 11 மைல். அது அவருக்குத் தெரியும், டைரியில் எழுதியிருக்கிறார். தூரம் தெரிந்து என்ன செய்ய? பனிப்புயல் வெளியே விடவில்லை.

அப்புறம் வந்தது, பின்னால் சக்கரம் கட்டவும் வழியில்லாத வண்டி. காற்று மெத்தையில் மிதக்கும் ஹோவர்கிராப்ட் 1959 ஜூலை 25இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. நீரிலும் ஓடும், மணலிலும் ஓடும். ஆனால் எதையும் தொடாது! எதிர்க் காற்றை அளந்தால் காற்றின் வேகமும் அதில் கலந்துவிடும். இப்படிப்பட்ட வாகனங்களுக்குக் கைகொடுப்பது 1842இல் டாப்ளர் சொன்ன தத்துவம். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கீச்சென்றும், விலகிப் போகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? அதுபோல, ரேடியோ அலையைத் தரைமீது சாய்வாக வீசினால், திரும்பி வரும் அலையின் துடிப்பு மாறியிருக்கும். அந்த மாறுதலிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இன்றைக்கு வானத்துச் செயற்கைக் கோள்களே இருக்குமிடத்தையும் வேகத்தையும் நொடிக்கு நொடி சொல்லிவிடுகின்றன. பாவம், அந்தச் சைக்கிள் சக்கரம்! அதற்குப் பொருட்காட்சிச் சாலைதான் கதியாயிற்று.